பைபர் லைனோடு வீட்டுக்குள் போக வேண்டியவை

கேபிள், பிராட்பேண்ட் தொழிலில் இருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஊருக்கு உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், பள்ளிக்கு பெஞ்ச் கொடுத்தோம், கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம், கபடிப் போட்டிக்குக் கோப்பை கொடுத்தோம் என்று சொல்வீர்கள். நல்ல காரியங்கள்தான், நிறுத்த வேண்டாம். ஆனால் அதை ஜவுளிக்கடைக்காரரும் செய்கிறார். உங்களால் மட்டும் முடிந்த ஒன்று இருக்கிறது. இணைப்பு கொடுக்க உங்கள் ஆள் ஒவ்வொரு வீட்டின் கூடத்துக்குள்ளும் போய் அரை மணி நேரம் நிற்கிறார். இன்று அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது? லைன்மேன் சுவரில் துளை போடுகிறார், பைபரை இழுத்து ஒட்டுகிறார், பவர் மீட்டரில் சிக்னல் பார்க்கிறார். போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, "நூறு வருதுங்க சார்" என்று காட்டுகிறார். வைஃபை பாஸ்வேர்டாக வீட்டுக்காரரின் செல் நம்பரையே போடுகிறார். மோடத்தின் உள்ளே நுழையும் பாஸ்வேர்டு பெரும்பாலும் கம்பெனி போட்டு அனுப்பிய 'அட்மின்' என்றே கிடக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். பத்து வயதுப் பிள்ளை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. பிரிட்டனில் 2013-இல் பிரதமர் டேவிட் கேமரன் கொடுத்த அழுத்தத்தால் நான்கு பெரிய பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. புதிதாக இணைப்பு வாங்கும் ஒவ்வொருவரிடமும், பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களைத் தடுக்கும் குடும்பப் பாதுகாப்பு வடிகட்டி வேண்டுமா வேண்டாமா என்று திரையில் கேட்டே ஆக வேண்டும். பதில் சொல்லாமல் நகர முடியாது. ஆனால் 2014-இல் ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு கணக்கெடுத்தபோது, வடிகட்டியை ஏற்ற புதிய வாடிக்கையாளர்கள் பிடி நிறுவனத்தில் 5 சதவீதம், ஸ்கையில் 8, வர்ஜின் மீடியாவில் 4. 2011-லேயே இதைத் தொடங்கிவிட்ட டாக்டாக்கில் மட்டும் 36.

வர்ஜின் மீடியாவில் இன்னொன்றும் தெரியவந்தது. புதிய வாடிக்கையாளர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் அந்தக் கேள்வியே போய்ச் சேர்ந்திருந்தது. இணைப்பு கொடுக்கப் போன ஊழியர்கள் அந்தத் திரையைத் தாண்டி வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து விரட்டினால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது முதலாளிதான்.

சரி, வடிகட்டி போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. பிரிட்டனில் வடிகட்டிகள் வந்த புதிதில் பாலியல் கல்வித் தளங்கள்கூட மாட்டிக்கொண்டன. மோடத்தின் அமைப்பில், தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடித் தரும் சேவையான டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்கள் பெருமளவு நிற்கும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காக இலவசமாகத் திறந்துவிட்ட சேவை அது. ஆனால் வாட்ஸ்அப்பில் யார் பேசுகிறார்கள், விளையாட்டு செயலியின் அரட்டையில் யார் போட்டோ கேட்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. பிள்ளை வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உங்கள் மோடத்துக்கு வேலையே இல்லை. இதையும் சேர்த்துத்தான் தாய்தகப்பனிடம் சொல்ல வேண்டும். "பூட்டு போட்டுட்டோம், நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டு வருவது ஏமாற்று.

குடும்பம் என்றால் பிள்ளை மட்டும் இல்லை. போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால் பணத்தை அனுப்பிவிடும் பெரியவர்களும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. பணம் போன உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் பேசினால் வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு, தாமதித்தால் அது கைமாறிப் போய்விடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டு எண்ணும் மோடத்தின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும். இப்போது அங்கே உங்கள் பில் வசூல் எண் இருக்கிறது. அதுவும் இருக்கட்டும்.

அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் 2011-இல் வசதியற்ற குடும்பங்களுக்கு மாதம் 9.95 டாலருக்கு இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. என்பிசி யுனிவர்சல் என்ற டிவி, சினிமா நிறுவனத்தை வாங்க அரசு அனுமதி கொடுத்தபோது வந்த நிபந்தனை அது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, குறைந்த விலைக் கணினியையும் இணையப் பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தது. லைன் மட்டும் போனால் பாதி வேலைதான் ஆகிறது.

நம்மால் என்ன முடியும்? உங்கள் பகுதியில் ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கும். அதற்கு ஒரு லைன் இலவசமாகக் கொடுங்கள். மாதம் ஒரு சாயங்காலம் உங்கள் அலுவலகப் பெண் ஊழியர் ஒருவர் அங்கே உட்காரட்டும். அம்மாக்கள் போனோடு வந்து, யூடியூபில் வயதுக் கட்டுப்பாடு எப்படி வைப்பது, யுபிஐ பின்னை யாராவது கேட்டால் என்ன செய்வது என்று கூச்சமில்லாமல் விசாரிப்பார்கள். ஆகும் செலவு ஒரு கபடிக் கோப்பை அளவுக்குக்கூட வராது.

இணைப்பு கொடுக்கும்போது லைன்மேன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து நிரப்ப ஒரு பக்கத் தாள் தயார் செய்திருக்கிறேன். மோடம் பாஸ்வேர்டு மாற்றியாயிற்றா, வீட்டில் பிள்ளைகள் உண்டா, வடிகட்டி வேண்டுமா, இரவு எத்தனை மணிக்கு அவர்கள் போனுக்கு நெட் நிற்க வேண்டும், இவ்வளவுதான் கேள்வி. பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. எடுத்துப்போய், அடுத்த இணைப்பிலேயே நிரப்பிப் பாருங்கள்.