பேக்கரி எந்தப் பக்கம்? பழைய மஸ்கெலியா டவுனில் ஒரு நடை

வணக்கம். காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கில் ஒரு பழைய காலுறையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்கு மேல் என்னிடம் வசதி இல்லை.

நான் நிற்கிற இடம் இலங்கை மலையகத்தில், மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடித்தளம். மழைக்காலத்தில் இங்கே நின்றால் தலைக்கு மேல் பல ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருக்கும். இப்போது ஏப்ரல் முதல் வாரம். மழை கண்ணிலேயே படவில்லை. சேறு காய்ந்து, சுட்ட அப்பளம் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. மேலே பார்த்தால் எந்தத் திசையிலும் தேயிலை. வானம் சுத்தமாக இருப்பதால் சிவனொளிபாதமலையும் நன்றாகத் தெரிகிறது, பாருங்கள். இங்கே ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் அந்த மலை முகம் காட்டும், அதனால் முதலிலேயே எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் நன்றாக இறங்குகிற வருடங்களில் பழைய மஸ்கெலியா டவுனின் கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் வெளியே தெரியும். உடனே எல்லோரும் வந்து வீடியோ எடுப்பார்கள். "மூழ்கிய நகரம்" என்று தலைப்புப் போடுவார்கள். நானும் மூன்று வருடங்களுக்கு முன்னால் அதே தலைப்பில் ஒன்று போட்டேன், தேடிப் பார்க்க வேண்டாம். சாமி இருந்த இடங்கள், அழகாகவும் இருக்கின்றன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் ஜனங்கள் நடந்து போன ஒரு வீதி இருந்திருக்க வேண்டுமே? அதை யாரும் படம் எடுப்பதில்லை. சுவர் இருந்தால் படத்தில் விழும். இரண்டு வரிசை அத்திவாரத்துக்கு நடுவே இருக்கிற வெறுந்தரையை எப்படி எடுப்பது? இன்றைக்கு அந்த வெறுந்தரையைத்தான் தேடி வந்திருக்கிறேன். பழைய மஸ்கெலியா கடைவீதி.

வீதி இங்கே எப்படி வந்தது என்பதை நடந்துகொண்டே சொல்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் மலையைச் சுற்றியிருந்த பெருங்காடு. காப்பி உச்சத்தில் இருந்தபோது வெட்டித் திறந்தார்கள். எங்கள் ஆட்கள் இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களில் இருந்து கங்காணிக்குப் பின்னால் வந்தது அதற்காகத்தான். காப்பிக்கு ஆயுள் இருக்கவில்லை. 1869-இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது, அடுத்த இருபது வருடங்களுக்குள் காப்பி படுத்துவிட்டது. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுப் பார்த்த தேயிலை எல்லா மலையிலும் ஏறிக்கொண்டது. மஸ்கெலியாவில் இன்றும் மொக்கா என்று ஒரு தோட்டம் இருக்கிறது. காப்பியின் பெயர், பறிப்பதோ தேயிலைக் கொழுந்து.

1884-இல் ஹட்டனுக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்தது. அங்கிருந்து மஸ்கெலியா 20 கிலோமீற்றர் சொச்சம். அரிசி மூட்டை மேலே வர வேண்டும், தேயிலைப் பெட்டி கீழே போக வேண்டும். மாட்டு வண்டி அவிழ்த்துப் போடுகிற இடத்தில் கடை முளைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். போதாததற்கு, சீசனில் சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள், மலை ஏறத் தொடங்குகிற நல்லதண்ணிக்கு இந்த வழியாகத்தான் போக வேண்டும். மார்கழிப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமியிலிருந்து, வெசாக் வரைக்கும் கூட்டம். வீதி வளராமல் என்ன செய்யும்?

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. மீதி எனக்கு அப்பாயி சொன்னது.

எங்கள் அப்பாயிக்கு இப்போது எண்பது வயது. இந்த டவுனை மூழ்கடித்த அணை முடிந்தது 1969-இல். அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பத்தாம் திகதி சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்குவார்களாம். என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். "தோட்டத்துல குடுக்காதத வாங்குவோம்" என்றார். அரிசியைத் தோட்டமே அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கம்பளியும் அப்படித்தான். ஆகவே வீதியில் வாங்கியது கருவாடு, மாசி, வெற்றிலை, கருப்பட்டி, கண்ணாடி வளையல், ரிப்பன். தீபாவளி முற்பணம் வந்தால் சேலை. காசு முட்டினால் வெள்ளிக் கொலுசு அடகுக் கடைக்குப் போகும். தாத்தாவுக்குத் தவறணை, அதாவது கள்ளுக்கடை, என்று வேறொரு வேலையும் இருந்தது, அதை அப்பாயி சொல்கிற தொனியில் என்னால் சொல்ல முடியாது.

நான் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். ஏதோ இருபது முப்பது கடை, அதை ஏன் இன்னும் மறக்கவில்லை? அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்த வீடியோவே. குடியிருக்கிற லயம் தோட்டத்தினுடையது. ரோடு தோட்டத்தினுடையது. கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பிரா, மருந்துக் காம்பிரா, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்டத்தினுடையது. காலையில் பிரட்டுக்களத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள், "ஆ" என்று சொல்லிவிட்டு மலை ஏற வேண்டும். கடைவீதியில் கால் வைத்தால் கடைக்காரர் "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்பார். "தோட்டத்துல எந்த ஆம்பளையும் என்னைய வாங்கன்னு சொன்னதில்ல" என்றார் அப்பாயி.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் தோட்டம் தனியார் நிலம், தோட்டத்தை நடத்துகிற துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் உள்ளே கால் வைக்க முடியாது. தொழிற்சங்கத்தின் கதையில் டவுன்களின் பெயர் அடிக்கடி வருவது அதனால்தான். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையைப் பார்க்கப் புடவை வியாபாரி வேடத்தில்தான் நுழைந்தார். 1931-இல் சங்கம் தொடங்கியதும் ஹட்டன் டவுனில் இருந்துகொண்டுதான். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடித்தான் ஆட்களைத் திரட்டினார். லயத்து வாசலில் நின்று அப்படிப் பாட முடியுமா? தோட்டத்துக்கு வெளியே, யாருடைய அனுமதியும் கேட்காமல் நாலு பேர் கூடி நிற்க, எங்கள் ஜனங்களுக்கு இருந்த இடம் இந்த மாதிரிக் கடைவீதிகள்தான்.

ஒரு நிமிஷம், இங்கே சேறு இளகியிருக்கிறது. சப்பாத்து போய்விட்டது. சரி, கழுவிக்கொள்ளலாம்.

அணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மலை ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-இலேயே கட்டுரை எழுதினார். பழைய லக்சபான மின்நிலையம் ஓட 1950 ஆனது. பிறகு கெஹல்கமு ஓயாவில் காசல்ரீ அணை, மஸ்கெலிய ஓயாவில் மவுஸ்ஸாக்கலை அணை. ஓயா என்றால் ஆறு, இந்த இரண்டும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. இந்த நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும்போது 12 கோடி கன மீற்றருக்குக் கிட்டத் தண்ணீர். இங்கிருந்து சுரங்கம் வழியாகக் கெனியன் மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து லக்சபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு நிலையமாகச் சுழலியைச் சுற்றிவிட்டு இறங்குகிறது. ஒரே தண்ணீரில் மூன்று நான்கு தடவை மின்சாரம். நல்ல கணக்கு, நாட்டுக்கு வேண்டியதும்தான். நான் அணைக்கு எதிரான ஆள் இல்லை. எங்கள் லயத்துக்கு அந்த மின்சாரம் வந்தபோது எனக்கு ஏழு வயது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதுவரைக்கும் குப்பி விளக்கு. குப்பி விளக்கில் படித்துக்கொண்டு, கீழே நிலவில் மினுங்குகிற இந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம் ஒரே இரவில் வந்து வீதியை விழுங்கியது போல் சிலர் பேசுவார்கள். அப்படியெல்லாம் இல்லை என்கிறார் அப்பாயி. கடைக்காரர்கள் கதவைக் கழற்றினார்கள், கூரைத் தகரத்தைப் பிரித்தார்கள், மரம் சட்டம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு இப்போது டவுன் இருக்கிற மேட்டுக்குப் போனார்கள். அப்பாயிக்கு ஒரு கடையில் மூன்று ரூபாய் சில்லறை கடன் இருந்தது. டவுன் தண்ணிக்குள்ளே போகிறதே, கடனும் போகும் என்று நினைத்தாராம். புதுக் கடையில் முதலில் வெளியே எடுத்து வைத்தது அந்தக் கடன் கொப்பியைத்தான்.

எல்லோரும் மேட்டுக்கு ஏறவில்லை. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. ஆட்களைப் பங்கு போட்டதும், இங்கே அணை எழுந்ததும் ஒரே காலம். டவுன் இடம் மாறிய அந்த வருடங்களில்தான் வீட்டுக்கு வீடு "நாம எந்தப் பக்கம்?" என்ற பேச்சு. கடையைப் பிரித்தவர்களில் சிலர் தகரத்தை விற்றுவிட்டு, ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பலுக்குப் போய்விட்டார்கள். ஒரு வீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடையாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் மஸ்கெலியாவிலும், இன்னொருவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம்.

சரி, இப்போது வழக்குக்கு வருவோம். பேக்கரி வழக்கு.

மேலே டவுனில் வயதான தையல்காரர் ஒருவர் இருக்கிறார். சின்னப் பையனாக இருந்தபோது இந்த வீதியில் ஒரு புடவைக் கடைத் திண்ணையில் அப்பாவின் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தவர். அவரிடம் கேட்டுக் கேட்டு கொப்பியில் ஒரு படம் வரைந்தேன், இதோ. கோயில், அடகுக் கடை, புடவைக் கடை, சலூன், பேக்கரி. பேக்கரி இடப்பக்கம் என்றார். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாயியிடம் வாசித்துக் காட்டினால், "பேக்கரி வலப்பக்கம். தையல்காரனுக்குக் கண்ணும் போச்சா?" என்கிறார். திரும்பப் போய் அவரிடம் சொன்னால், அவர் அதைவிடக் காரமாக ஒன்று சொன்னார். இரண்டு மாதம் நான் இந்தச் சண்டைக்கு நடுவில் தூது போய்க்கொண்டிருந்தேன்.

இந்தச் செங்கலைப் பாருங்கள். மற்ற அத்திவாரம் எல்லாம் கருங்கல், இங்கே மட்டும் செங்கல், வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்பக்கம் கன்றிக் கறுத்திருக்கிறது. இது போறணை. ரொட்டி சுட்ட போறணை. பேக்கரி இதுதான்.

இப்போது நான் ஹட்டன் பக்கத்து முனையில் இருந்து நடந்து வந்தேன். பேக்கரி என் இடது கையில். தையல்காரர் ஜெயித்தார். அப்புறம் கமெராவை அணைத்துவிட்டு, வீதியின் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து திரும்பி நடந்து பார்த்தேன். எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து சேர்கிற முனை அது. பேக்கரி வலது கையில்.

அவர் ஹட்டன் பஸ்ஸில் வந்தவர், இவர் மலையில் இருந்து இறங்கி வந்தவர். அவ்வளவுதான் விஷயம்! இதற்கா இரண்டு மாதம்.

அப்பாயிக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பீலி இருக்கா?" என்று கேட்டார். எந்தப் பீலி? நம்ம முனையில், டவுன் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் விழுகிற ஒரு பீலியாம். பாதை முழுக்கச் சேறும் அட்டையும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் இறங்குவார்கள். பீலியில் காலைக் கழுவி, முகத்தைக் கழுவி, சேலையை இறக்கிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வீதிக்குள் நுழைவார்கள். திரும்பும்போது அதே இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

இதோ, அந்த முனைக்கு மறுபடியும் வந்துவிட்டேன். ஓட்டை விழுந்த கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது, கீழே பலகைக் கல் ஒன்று, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கிறது. பீலி இதுதான் என்று நினைக்கிறேன், படம் எடுத்து அப்பாயிக்குக் காட்டிவிட்டு அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.

மஸ்கெலியாவிலோ, நீலகிரியிலோ, வேறெங்கோ இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், தகரப் பெட்டியில், இந்த வீதியில் நின்று எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் இருக்கிற கடைதான் எனக்கு வேண்டும்.

சப்பாத்தில் சேறு காய்ந்து கல்லாகிவிட்டது. பீலியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரை ஏற அரை மணி நேரம் பிடிக்கும், இருட்டுவதற்குள் போக வேண்டும். வருகிறேன்.