ஓட்டைக் கூட்டை ஏன் தொங்கவிட்டாள்?

வணக்கம். போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை இன்று தனியாக எடுத்துக்கொள்கிறேன். பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு அண்ணன் அனுப்பியது. அவர் மகள் பரோடாவில் ஓவியம் படிக்கிறாள். பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கண்காட்சி என்று கூப்பிட்டிருக்கிறாள். இவரும் ரயிலேறிப் போயிருக்கிறார். அவளுக்கு ஒதுக்கிய அறையில் ஓவியமே இல்லையாம். கூரையிலிருந்து நூற்றுக்கணக்கில் பட்டுக்கூடு தொங்குகிறது. அத்தனையும் ஓட்டைக் கூடு. "ஏலத்துக்குக் கொண்டுபோனால் யாரும் சீந்த மாட்டார்கள். அதைப்போய்க் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். விலைச்சீட்டும் இல்லை. நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இது கலைதானா? நான் என்ன கேட்டிருக்க வேண்டும்?" என்கிறார்.

அண்ணா, அந்த அறைக்குள் வந்தவர்களில், பார்த்த உடனே அது ஓட்டைக் கூடு என்று தெரிந்துகொண்டவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது வெள்ளையாக, அழகாகத் தொங்கும் ஏதோ ஒன்று. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை கொண்டுபோகிற உங்களுக்கு அதன் கதை முழுக்கத் தெரியும். நல்ல கூடு என்றால் உள்ளே பூச்சி உயிரோடு வெளியே வரவில்லை என்று அர்த்தம். ஆவியிலோ வெந்நீரிலோ அது செத்தால்தான் பல நூறு மீட்டர் இழை அறுபடாமல் நமக்குக் கிடைக்கும். முட்டைக்காக விட்டுவைக்கிற கூட்டில் பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். இழை அறுந்துபோகும், விலையும் போகும். அதாவது ஓட்டைக் கூடு என்பது பூச்சி பிழைத்த கூடு. உங்கள் மகள் அதைத் தேடிப் பிடித்து நூற்றுக்கணக்கில் கட்டியிருக்கிறாள் என்றால் ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். என்ன சொல்ல வந்தாள் என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு முடிவுகட்ட மாட்டேன். அவள் வளர்ந்த வீட்டைப் பற்றியதாக இருக்கலாம், வீட்டைவிட்டு வெளியே போனதைப் பற்றியும் இருக்கலாம். அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கலைதானா என்று கேட்டீர்கள். ஓட்டைக் கூட்டில் மாலை கட்டுகிறவர்கள், பூங்கொத்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கைவினை, அதற்கும் நல்ல கை வேண்டும். ஆனால் அங்கே கூடு பூவாக மாறிவிடுகிறது. கூடு என்பதே நமக்கு மறந்துவிடும். இவள் கூட்டைக் கூடாகவே வைத்து, நம்மை அதற்கு நடுவில் நடக்கவிட்டிருக்கிறாள். இன்ஸ்டலேஷன் என்று சொல்வது இதைத்தான். பொருளும் அறையும் நடக்கிற நாமும் சேர்ந்ததுதான் படைப்பு. வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. உள்ளே போய், தலையில் கூடு இடிக்க நின்று பார்க்க வேண்டும்.

விலைச்சீட்டு இல்லாததற்கு வருவோம். விற்பனைக்கென்று நடத்தும் காலரி ஒரு கடை. விற்றால் அவர்களுக்கும் பங்கு உண்டு, அதனால் வீட்டுச் சுவரில் மாட்டக்கூடியதைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். அது தப்பில்லை. பல்கலைக்கழகக் காலரிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விற்கவே முடியாத மண் குவியலும், ஒலிப்பதிவும், நாலு நாளில் வாடிப்போகிற தழையும் அங்கே இடம்பெறும். மாணவர் பக்கத்தில் நிற்பார். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வரும் கலைஞர்களும் சுற்றி வந்து கேள்வி கேட்பார்கள். ஏன் இந்த உயரம், ஏன் இத்தனை, ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்று துளைத்துவிடுவார்கள். தேர்வே அதுதான்.

பரோடாவில் இது நேற்று வந்த பழக்கம் இல்லை. அந்த நுண்கலைத் துறை 1950இல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்திய கே.ஜி. சுப்ரமணியன் பெரிய ஓவியர். மாணவர்கள் நடத்தும் கலைச் சந்தைக்காகப் பொம்மைகளும் செய்தார். பொம்மை சின்ன வேலை, ஓவியம் பெரிய வேலை என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எப்படிப் பார்ப்பது என்பதும் உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகல் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள வட்டெழுத்தை நம்மில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? இருந்தும் கையில் வில், உடம்பில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு என்று பார்த்ததுமே, மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று புரிந்துகொள்கிறோம். பிறகு எழுத்து தெரிந்தவர் படித்துச் சொன்னால் ஊரும் பேரும் தெரிகிறது. காலரியிலும் அதே வரிசைதான். முதலில் பொருளைப் பாருங்கள்: என்ன அது, எங்கே கிடைப்பது, கை எவ்வளவு உழைத்திருக்கிறது. அப்புறம் சுவரில் உள்ள சின்னச் சீட்டைப் படியுங்கள். பெயர், தலைப்பு, ஆண்டு, எதனால் செய்தது, அளவு எல்லாம் இருக்கும். அளவில் பொதுவாக உயரம் முதலில் வரும், அகலம் அடுத்து. 'மிக்ஸ்டு மீடியா' என்று போட்டிருந்தால் பல பொருள் கலந்தது என்று மட்டும்தான் அர்த்தம், பயந்துவிடாதீர்கள். சீட்டை முதலில் படித்தால் கண் சோம்பேறியாகிவிடும், அதனால்தான் இந்த வரிசையைச் சொல்கிறேன்.

பரோடா வரை அடிக்கடி போக முடியாது, சரி. நமக்குப் பெங்களூரு பக்கம்தான். அரண்மனைச் சாலையில் தேசிய நவீனக் கலைக்கூடம் இருக்கிறது, 2009இல் திறந்தது. சித்ரகலா பரிஷத் கல்லூரியோடு சேர்ந்த காலரிகளைக் கொண்டது, கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். கிருஷ்ணகிரியில் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். வீட்டில் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மகளிடம் என்ன கேட்பது? நல்லா இருக்கும்மா என்றதில் தப்பே இல்லை, உங்கள் பாசம் அவளுக்குத் தெரியும். ஆனால் இன்று ராத்திரி போன் போட்டு, இவ்வளவு ஓட்டைக் கூடு எங்கேம்மா கிடைத்தது என்று கேளுங்கள். அதில் தொடங்கினாலே அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். எந்த நூலில் கட்டினாய், ஏன் அந்த உயரம் என்று கேளுங்கள். கண்காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார்கள், படம் மட்டும்தான் மிஞ்சும். அதில் ஒன்றை வாங்கி வையுங்கள். கூட்டையும் தூக்கிப் போட வேண்டாம், ஊருக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.