எட்டு மெய், ஐந்து உயிர்

(வண்ணாரப்பேட்டையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். புதிதாக ஒரு மொழியை உருவாக்க விரும்புகிறவர், சொற்களைத் தேடிப் போகுமுன் ஒலிகளைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒலிகளைக் குறைத்துவிட்டால் மொழி எளிதாகிவிடும் என்றுதான் நானும் தொடக்கத்தில் நினைத்தேன். எத்தனை ஒலிகள் என்பதைவிட, எந்த ஒலி எதனோடு மயங்கும் என்பதே பெரிய கேள்வி என்று பிறகுதான் விளங்கியது.

1887-இல் சமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் 28 எழுத்துகள் உண்டு. சகரத்தையும் ஸகரத்தையும் ஒட்டிய ஒலிகளே அதில் ஆறேழு இருக்கின்றன. 'அறிதல்' என்பதற்கு அம்மொழியில் உள்ள சொல் 'ஸ்ட்ஸிஇ'. 'ஸ்கூல்' என்பதையே முன்னும் பின்னும் உயிர் சேர்த்து 'இஸ்கூலு' என்று இளக்கிக்கொள்ளும் வாய்க்கு அது முரட்டுச் சொல். 2001-இல் வந்த டோக்கி போனா என்ற இன்னொரு செயற்கை மொழி ஒன்பது மெய், ஐந்து உயிரோடு நின்றுவிட்டது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசை, ஈற்றில் வேண்டுமானால் ஒரு னகரம் என்ற அதன் அமைப்புக்கு நான் கடன்பட்டவன்.

என் பட்டியலில் ப, த, க, ச, ம, ந, ல, வ என்ற எட்டு மெய்களும் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து உயிர்களும் உள்ளன. ழகரத்தை நான் தொடவில்லை. 'வாயப்பயம்' என்று கூவி விற்கும் தெருவில் வளர்ந்தவனுக்கு அந்தத் துணிச்சல் வராது. தனி உயிரையும் ஓர் அசையாகக் கொண்டு, ஈற்று மெய்யைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 45 அசைகளும் 2025 ஈரசைச் சொற்களும் கிடைக்கின்றன. அரபு மொழியைப் போல உயிர்களை மூன்றாகக் குறைத்தால் அசைகள் 27, ஈரசைச் சொற்கள் 729 என்றாகிவிடும். அப்போது சொல்லுக்குச் சொல் அசையை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

ஒலிகளை வகுத்தால் மட்டும் போதாது, அவை எவ்வளவு தூரம் திரியலாம் என்பதையும் வகுக்க வேண்டும். கல், பகல், தங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் நம் காதுக்கு அது ஒன்றே. சௌகார்பேட்டையில் இந்தி பேசும் கடைக்காரரோ நான்கு ககரங்களைப் பிரித்துக் கேட்பார். ஆகவே என் மொழியில் ககரத்தை வல்லொலியாகவோ மெல்லொலியாகவோ எப்படிச் சொன்னாலும் பொருள் மாறக்கூடாது என்று விதி வைத்தேன்.

உயிரின் நெடில், குறில் வேறுபாட்டையும் அதே போல நீக்கினேன். தமிழில் கல் வேறு, கால் வேறு. ஆனால் கூவும்போது குரல் தானாக நீளும் அல்லவா? காசிமேட்டு மீன் ஏலத்தில் சற்று நேரம் நின்று கேளுங்கள். இருபது, அறுபது, எழுபது மூன்றுக்கும் வால் ஒன்றே. இரைச்சலில் தலை அமுங்கிவிட்டால், ஏலக்காரரின் விரலைப் பார்த்துத்தான் தொகையை அறிய வேண்டும்.

அதனால்தான், இரைச்சலில் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்க்க, என் எண்ணுப்பெயர்களைச் சற்றுமுன் உங்களிடம் வாசித்துக் காட்டி, கேட்டதை எழுதித் தரச் சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்கள், 'மிமா' என்ற மூன்றையும் 'நிமா' என்ற எட்டையும் ஒன்றாகவே எழுதித் தந்திருக்கிறார்கள். மகரமும் நகரமும் சத்தத்தில் மயங்கும் என்பதை அறிந்திருந்தும் அவற்றை ஒரே இடத்தில் வைத்தது என் தவறு. எட்டுக்கு 'தெகு' என்று வைத்து இன்னொரு முறை வாசிக்கிறேன். அருள்கூர்ந்து மின்விசிறியை நிறுத்த வேண்டாம்.