முட்டை உடையாத பயணம்

மாணவ நண்பர்களே, வணக்கம்.

பிரான்சு நாட்டு சிட்ரோயன் காரின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தலைகீழ் 'வி' வடிவங்கள் இருக்குமே, அவை பல்சக்கரத்தின் பற்கள். 'வி' வடிவில் பல் வெட்டிய சக்கரத்தை இளம் வயதில் போலந்தில் கண்ட ஆந்த்ரே சிட்ரோயன், அதன் காப்புரிமையை வாங்கினார். 1919-ல் கார் தயாரிப்பில் இறங்கியபோது அதையே அடையாளமாக்கிக்கொண்டார்.

1934-ல் வந்த டிராக்சியோன் அவாந் காரில் முன்சக்கரங்கள் வண்டியை இழுத்தன. தனிச் சட்டகம் கிடையாது, உடலே பாரம் தாங்கியது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை அப்படித்தான். ஆனால் கடன் கழுத்தை நெரிக்க, கம்பெனி மிஷலின் டயர் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டே ஆந்த்ரே காலமானார். எனக்கு இன்றும் மனம் கனக்கும் இடம் இது.

புதிய துணைத் தலைவர் பூலான்ஜே தம் பொறியாளர்களிடம் கேட்டது இதைத்தான்: இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல் போதும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது! போர்க்காலத்தில் மாதிரி வண்டிகளை ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார்கள். 1948-ல் 2சிவி வெளிவந்தது. அதன் அடியில் குனிந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒரு உருளை படுத்திருக்கும், உள்ளே ஸ்பிரிங்குகள். முன்சக்கரமும் பின்சக்கரமும் அதன் வழியே பிணைந்தவை. முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே பின்சக்கரத்துக்குச் சேதி போய்விடும்.

1955-ல் வந்தது டிஎஸ் கார். ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைத்த உருண்டைகள். எஞ்சினை ஓடவிட்டால், படுத்திருந்த மாடு எழுவதுபோல வண்டி மெல்ல உயரும். பாரிஸ் கண்காட்சியின் முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள். 1962-ல் பிரெஞ்சு அதிபர் தெ கோல்மீது குண்டுமழை பொழிந்தபோது, டயர் பஞ்சரான நிலையிலும் அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு டிஎஸ்தான்.

அந்த உருண்டைகள் 2017-ஓடு முடிந்துபோயின. இப்போதைய சி5 ஏர்கிராஸ் காரில், ஷாக் அப்சார்பருக்குள் இரு முனையிலும் எண்ணெயால் இயங்கும் தடுப்புகள் உண்டு. பெரிய பள்ளத்தில் 'டங்' என்று அடி விழாது. டிஎஸ் அளவுக்கு அது துணிச்சலான வேலை இல்லை என்றாலும், அந்த முட்டைக் கூடையின் நினைப்பு அதில் இருக்கிறது. 2020-ல் வந்த அமி, மணிக்கு 45 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் இருவர் மின்வண்டி. பிரான்சில் 14 வயதுப் பிள்ளைகளும் ஓட்டலாம்.

சிட்ரோயனின் சி3, பசால்ட் கார்கள் இரண்டும் நம் திருவள்ளூரில் உருவாகின்றன, எஞ்சின் ஓசூரிலிருந்து வருகிறது. சி3-யில் இருப்பது சாதாரண ஸ்பிரிங்தான். ஒருநாள் அதில் ஏறி, உங்கள் ஊர் வேகத்தடையைக் கடந்து பாருங்கள். எப்படி இருந்தது என்று அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லுங்கள்.