சீட்டு கொண்டு போனவர்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளின் பகுதியில் சைப்ரஸ் ஹில்ஸ் என்னும் தேசியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862ஆம் ஆண்டில், மருத்துவமனைகளில் இறந்துகொண்டிருந்த படைவீரர்களைப் புதைக்க இடம் போதாமல் தொடங்கப்பட்ட தோட்டம் அது. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்களில் ஒன்றின் கீழ், சார்ஜென்ட் ஜான் மார்ட்டின் என்று அமெரிக்கப் படை அழைத்த மனிதர் உறங்குகிறார். அவருக்கு இத்தாலியில் இட்ட பெயர் ஜோவன்னி மார்த்தினி. அந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

தென் இத்தாலியில் சாலெர்னோ மாவட்டத்தின் சாலா கொன்சிலினா என்னும் மலையூரில் 1850களின் தொடக்கத்தில் பிறந்தவர் அவர். 1873இல் கப்பலேறி அமெரிக்கா வந்தார். மறு ஆண்டே படையில் சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாத ஓர் இளைஞனுக்கு உணவும் உடையும் மாதச் சம்பளமும் உடனடியாகத் தரக்கூடிய வேலைகள் அந்நாட்டில் அதிகம் இருக்கவில்லை. படைப் பதிவேட்டில் மார்த்தினி ‘மார்ட்டின்’ ஆனார். அவர் சேர்ந்த ஏழாம் குதிரைப்படையில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அயர்லாந்துக்காரரும் ஜெர்மானியரும் மிகுதி. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கொல்ல 1858இல் நடந்த சதியில் பங்கேற்றுத் தண்டனைத் தீவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தப்பி வந்த இத்தாலியர் ஒருவர் அதே படையில் லெப்டினன்டாக இருந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அவர் கதைக்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

இந்தக் குதிரைப்படை எதற்காகச் சண்டையிட்டது என்பதை மறைத்துவிட்டு மார்த்தினியைப் புகழ்வது நேர்மையாகாது. கறுப்பு மலைகள் எனப்படும் நிலத்தை லகோட்டா என்னும் பழங்குடி மக்களுக்கென்று 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒதுக்கியிருந்தது. மார்த்தினி படையில் சேர்ந்த அதே 1874இல், ஏழாம் குதிரைப்படையை நடத்திய ஜார்ஜ் கஸ்டர் தலைமையில் அம்மலைகளுக்குள் சென்ற படை அங்கே தங்கம் இருப்பதாகச் செய்தி அனுப்பியது. அதன்பின் ஒப்பந்தத்தை யார் மதித்தார்கள்? 1876 ஜனவரி 31க்குள் பழங்குடியினர் எல்லோரும் தங்களுக்கென அரசு வரையறுத்த ஒதுக்கிடங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று ஆணை பிறந்தது. திரும்பாதவர்கள் மீது படை ஏவப்பட்டது. வந்து மூன்று ஆண்டு அளவே ஆன ஒரு குடியேறி, வந்தவர்களுக்கெல்லாம் முன்னமே அங்கு வாழ்ந்தவர்களை அவர்கள் நிலத்திலிருந்து விரட்டும் வேலைக்கு எக்காளம் ஊதச் சென்றார்.

1876 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மான்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. கஸ்டர் தம் படையைப் பிரித்திருந்தார்: மேஜர் ரீனோவிடம் மூன்று கம்பெனிகள், கேப்டன் பென்டீனிடம் மூன்று, தம்மிடம் ஐந்து. தோட்டாப் பொதிகளைச் சுமந்த கோவேறு கழுதைகள் வெகு பின்னால் வந்துகொண்டிருந்தன. மார்த்தினி உண்மையில் பென்டீனின் கம்பெனியைச் சேர்ந்தவர். அன்று மட்டும் கஸ்டருக்கு எக்காளம் ஊதும் ஏவலராக அனுப்பப்பட்டிருந்தார். ஆற்றோர மேட்டிலிருந்து கீழே பரந்து கிடந்த பழங்குடி மக்களின் குடியிருப்பைக் கண்ட கஸ்டர், பென்டீனுக்குச் செய்தி சொல்லி மார்த்தினியை அனுப்ப முனைந்தார். வாய்மொழியாகச் சொன்னால் இந்த இத்தாலியர் என்ன புரிந்துகொள்வாரோ, அங்கே போய் என்ன சொல்வாரோ என்ற ஐயம் கஸ்டரின் உதவியாளரான லெப்டினன்ட் குக்கிற்கு எழுந்தது. அவர் தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவசரமாக எழுதினார்: “பென்டீன். வாருங்கள். பெரிய ஊர். விரைந்து வாருங்கள். பொதிகளைக் கொண்டு வாருங்கள்.” கையெழுத்திட்ட பிறகு, பின்குறிப்பாக மறுபடியும் “பொதிகளைக் கொண்டு வாருங்கள்” என்று எழுதினார், இரண்டாம் முறை எழுதும்போது அந்தப் ‘பொதி’க்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தையே விட்டுவிட்டார். அந்த அவசரம் தாளில் இன்றும் தெரிகிறது. எழுதிய குக்கும் கனடாவில் பிறந்து வந்தவர்தான். ஆனால் அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி.

மார்த்தினி வந்த வழியே திரும்பிக் குதிரையை விரட்டினார். எதிரே கஸ்டரின் தம்பி பாஸ்டன், அண்ணனோடு சேர்ந்துகொள்ள விரைந்து வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரு கணம் நின்று பேசிப் பிரிந்தார்கள். ஒருவர் சாவை நோக்கியும் மற்றவர் இன்னும் நாற்பத்தாறு ஆண்டுகளை நோக்கியும். பென்டீனை அடைந்தபோதுதான் மார்த்தினியின் குதிரை குண்டடிபட்டு இரத்தம் வழிய நிற்பதைப் பென்டீன் சுட்டிக்காட்டினார். அதுவரை ஏறி வந்தவருக்கே அது தெரியாது. கஸ்டரோடு சென்ற ஐந்து கம்பெனிகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர், ஒருவர் மிஞ்சாமல், அன்று மாலைக்குள் மடிந்தார்கள்.

தம் உயிரைக் காத்தது எது என்று மார்த்தினி பின்னாளில் எண்ணிப் பார்த்திருப்பாரா? ஏவலராக இருந்ததால் அவர் அனுப்பப்பட்டார் என்பது சரி. ஆனால் அவருடைய அரைகுறை ஆங்கிலத்தால்தான் அந்தச் செய்தி காற்றில் கரையாமல் காகிதத்தில் நின்றது. நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் கையில் குக் எதையும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார் என்றே நான் கருதுகிறேன். 1879இல் சிகாகோவில் ரீனோ மீது நடந்த விசாரணை மன்றத்தில், எதிரிகள் ஓடுகிறார்கள் என்று மார்த்தினி தம்மிடம் சொன்னதாகப் பென்டீன் சாட்சியம் அளித்தார். பிற்காலக் கடிதம் ஒன்றில் அவரை மந்தபுத்திக்காரர் என்றும், அரசராவதற்கு எவ்வளவு தகுதியோ அவ்வளவே குதிரைப்படைக்கும் தகுதி என்றும் இகழ்ந்தார். அடிபட்ட குதிரையில் சீட்டைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவருக்கு அந்தக் கேப்டன் அளித்த மதிப்பு இது. என் பார்வையில், தோல்விக்குப் பொறுப்புத் தேடிய அதிகாரிகளுக்கு நாக்குத் திருந்தாத ஒரு சிப்பாய் மிகவும் வசதியாக அமைந்தார்.

அவர் பின்னர் பீரங்கிப் படைக்கு மாறி, முப்பது ஆண்டுச் சேவையை முடித்து 1904இல் சார்ஜென்டாக ஓய்வு பெற்றார். ப்ரூக்ளினில் குடியேறி, நியூயார்க் சுரங்க ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கும் வேலை பார்த்தார். 1922 டிசம்பரில் தெருவைக் கடக்கும்போது சரக்கு வண்டி மோதியது; கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் காலமானார்.

அடக்கம் என்று வரும்போது ஓர் ஒப்பீடு மனத்தை விட்டு அகலவில்லை. லிட்டில் பிக்ஹார்னில் இறந்த சிப்பாய்களின் உடல்கள் மீது மூன்றாம் நாள் சிறிதளவு மண் தள்ளப்பட்டது; 1881இல்தான் எலும்புகள் திரட்டப்பட்டு, கருங்கல் தூண் ஒன்றின் கீழ் பொதுக்குழியில் இடப்பட்டன. கஸ்டரை 1877இலேயே எடுத்துச் சென்று, ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மார்த்தினிக்குக் கிடைத்தது தனிக்குழி, தனிக்கல், அரசின் செலவில். அவர் யாருடைய நிலத்தைப் பறிக்கச் சென்றாரோ அந்தப் பழங்குடி மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை சட்டமானது, அவர் மண்ணுக்குள் போய் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து, 1924இல்.

அந்தச் சீட்டு பல கைகள் மாறி இன்று வெஸ்ட் பாயிண்ட் நூலகத்தில் இருக்கிறது. அனுப்பியவர் கல்லறையும் அதே வளாகத்தில். கொண்டு போனவர் அங்கிருந்து ஆற்றோடு தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டரில், ப்ரூக்ளினில் கிடக்கிறார்.