திருகோணமலைத் தொகுதி 1989ஓட முடிஞ்சுதா, இன்னும் இருக்கா?

அடுத்த கேள்வி உவர்மலையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டது. ஏ.எல்லுக்கு அரசறிவியல் படிக்கிறாவாம். "திருகோணமலைத் தேர்தல் தொகுதி 1947 தொடக்கம் 1989 வரைக்கும்தான் இருந்தது எண்டு வாசிச்சன். ஆனா தேர்தல் இரவில டிவியில 'திருகோணமலைத் தேர்தல் தொகுதி முடிவு' எண்டு இப்பவும் சொல்லுறாங்களே, எது சரி?"

இரண்டும் சரி தங்கச்சி. பேர் ஒண்டுதான், வேலை மாறிப்போச்சு. முந்தி அந்தத் தொகுதி தனக்கெண்டு ஒரு எம்பியைத் தெரிவு செய்தது. இப்ப அது வாக்கு எண்ணி அறிவிக்கிறதுக்கான ஒரு பிரிவு, அவ்வளவுதான்.

முதல்ல இருந்து வருவம். அரசாங்க சபைக் காலத்தில, அதாவது 1931க்குப் பிறகு, எங்களுக்குத் தனித் தொகுதி இல்லை. "திருகோணமலை–மட்டக்களப்பு" எண்டு சேர்த்துத்தான் ஒண்டு இருந்தது. 1944 இல சிங்களத்தை அரச மொழியாக்கச் சொல்லி ஜே.ஆர். ஜெயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணையில தமிழையும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்த வ. நல்லையா அந்தத் தொகுதி உறுப்பினர்தான்.

பிறகு சோல்பரி யாப்பு, சுதந்திரத்தையொட்டி பிரிட்டிஷ்காரர் தந்த அரசியலமைப்பு. அதில ஒரு கணக்கு வைச்சாங்கள்: 75,000 பேருக்கு ஒரு ஆசனம், அதுக்கு மேல 1,000 சதுர மைலுக்கு ஒரு ஆசனம். நிலம் கூடி சனம் குறைஞ்ச கிழக்கு மாதிரி மாகாணங்களுக்கு இந்தச் சதுர மைல் கணக்குத்தான் கை கொடுத்தது. 1947 தேர்தலுக்கு எங்கட மாவட்டத்தில திருகோணமலை, மூதூர் எண்டு இரண்டு தொகுதி வந்தது. திருகோணமலையில முதல் வெண்டவர் தமிழ்க் காங்கிரஸ் எஸ். சிவபாலன்.

1952 ஐ நல்லாக் கவனியுங்கோ, பரீட்சையிலயும் கேட்கக்கூடிய இடம். தமிழரசுக் கட்சிக்கு அதுதான் முதல் பொதுத் தேர்தல். நாடு முழுக்க வெண்டது இரண்டே ஆசனம். ஒண்டு கோப்பாய், வன்னியசிங்கம். மற்றது திருகோணமலை, என்.ஆர். இராஜவரோதயம். கட்சித் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில தோத்த தேர்தல் அது. அதால 1956 ஆவணியில கட்சி மாநாட்டைத் திருகோணமலையில வைச்சதை வெறும் இட வசதிக்காக எண்டு நான் பார்க்கிறேல்லை. துறைமுகம் அப்ப இன்னும் பிரிட்டிஷ் கடற்படையிட கையில. 1957 ஐப்பசியிலதான் அதை ஒப்படைச்சாங்கள்.

இராஜவரோதயம் 1963 இல இறக்கும்வரை எம்பி. அவருக்குப் பிறகு எஸ்.எம். மாணிக்கராஜா, 1970 இல பி. நேமிநாதன், எல்லாரும் தமிழரசு. 1977 ஆடி 21 இல தமிழர் விடுதலைக் கூட்டணியிட உதயசூரியன் சின்னத்தில இரா. சம்பந்தன். அந்தத் தொகுதி தனக்கெண்டு கடைசியாத் தெரிவு செய்த எம்பி அவர்தான்.

இந்த இடத்தில கட்டுரைகளில வாற பிழைகளைச் சொல்லிவிடுறன். கோணேசர் கோயில் சூழலைப் புனித பூமியாக்கிற பிரச்சினையில 1968 இல அமைச்சுப் பதவியை விட்ட மு. திருச்செல்வத்தைத் திருகோணமலை எம்பி எண்டு எழுதுறாங்கள். அவர் செனட்டர், எந்தத் தொகுதியிலயும் நிண்டு வந்தவர் இல்லை. அ. தங்கத்துரை 1970 இல வந்தது மூதூரில. 1994 இல வந்ததுதான் திருகோணமலை மாவட்டத்துக்கு. "திருகோணமலை எம்பி" எண்டு இரண்டையும் ஒரே வரியில போட்டா வரலாறு குழம்பிப்போகும்.

மூதூரில இன்னொரு பொறி இருக்கு. 1960 தொடக்கம் 1977 வரைக்கும் அது இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. அது தெரியாமல் அந்தக் காலத்து வேட்பாளர்களிட வாக்கைக் கூட்டினீங்கள் எண்டா, வாக்குப் போட்ட ஆக்களைவிடக் கூட வரும். உடனே "கள்ள வாக்கு" எண்டு எழுதிப்போடாதேங்கோ. 1976 எல்லை நிர்ணயத்தில சேருவில எண்டு புதுத் தொகுதி வெட்டினாங்கள், மூதூர் ஒற்றை ஆச்சுது. ஆக 1977 இல மாவட்டத்தில மூண்டு தொகுதி, மூண்டு எம்பி.

சரி, 1989 ஏன்? 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆனா 1982 மார்கழி 22 சர்வசன வாக்கெடுப்பால பழைய பாராளுமன்றத்தையே நீட்டினதால, புது முறையில முதல் பொதுத் தேர்தல் 1989 மாசி 15 இலதான் நடந்தது. அதுக்காக சம்பந்தன் 1989 வரைக்கும் எம்பியா இருந்தவர் எண்டு எழுதக்கூடாது. தனிநாடு கேட்கிறதைத் தடை செய்த ஆறாம் திருத்தம் யாப்புக்கு வந்த 1983 இலயே, சபையைப் பகிஷ்கரிச்சதால கூட்டணிக்காரர் ஆசனத்தை இழந்திட்டினம். அவர் திரும்பப் பாராளுமன்றம் போனது 2001 இல, அதுவும் மாவட்ட எம்பியாத்தான்.

இப்ப முழு மாவட்டமும் ஒரே தேர்தல் மாவட்டம், 4 ஆசனம். 1976 இல வெட்டின சேருவில, திருகோணமலை, மூதூர் மூண்டும் அதுக்குள்ள எண்ணும் பிரிவா நிக்குது. ஆசனம் பிரிக்கிறது எப்பிடியெண்டு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுக் காட்டுறன், எழுதிக்கொள்ளுங்கோ.

மாவட்டத்தில செல்லுபடியான வாக்கு 2,00,000 எண்டு வைப்பம். 5 வீதத்துக்குக் குறைய, அதாவது 10,000க்குக் குறைய எடுத்த கட்சி, சுயேச்சை எல்லாம் வெளியில. அதுகளிட வாக்கு எல்லாம் சேர்த்து 20,000 எண்டா மிச்சம் 1,80,000. கூட வாக்கு எடுத்த கட்சிக்கு முதல்ல ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 3 ஆசனம், அதால 1,80,000ஐப் பிரிச்சா 60,000. இப்ப அ கட்சி 85,000, ஆ 55,000, இ 40,000. அ வுக்கு 60,000க்கு ஒரு ஆசனம், மீதி 25,000. மற்ற இரண்டும் 60,000ஐத் தொடேல்லை. மிச்சமா இருக்கிற 2 ஆசனமும் கூடின மீதிக்குப் போகும்: ஆ வுக்கு ஒண்டு, இ க்கு ஒண்டு. முடிவு அ 2, ஆ 1, இ 1.

ஆக்கள் பிழை விடுறது பிரிக்கிற எண்ணில. 4 ஆல பிரிச்சிட்டு விடை வரேல்லை எண்டு நிக்கிறது. போனஸைக் கழிச்சு 3 ஆலதான் பிரிக்கோணும். கட்சிக்குள்ள ஆர் போறது எண்டதை விருப்பு வாக்கு, அதாவது அந்தக் கட்சி வேட்பாளர்களில விரும்பின ஆக்களுக்குப் போடுற வாக்கு, தீர்மானிக்கும், அதுவும் மாவட்டம் முழுக்க எண்ணித்தான். திருகோணமலைப் பிரிவில முதலாவதா வந்த கட்சிக்கு அதுக்காக எண்டு ஒரு ஆசனமும் கிடையாது.

கடைசியா ஒண்டு, 1977 முடிவையும் இப்பத்தைய முடிவையும் பக்கத்தில வைச்சுப் பார்க்கப் போறீங்கள் எண்டா. தொகுதி எல்லையும் 'பட்டினமும் சூழலும்' எண்ட பிரதேச செயலகப் பிரிவிட எல்லையும் ஒண்டில்லை, அதால செயலகத்துச் சனத்தொகைக் கணக்கைத் தொகுதிக்குப் பொருத்தாதேங்கோ. இப்ப தபால் வாக்கும் மூண்டு பிரிவுக்கும் வெளியில, மாவட்டத்துக்குத் தனி முடிவா வரும். அரச உத்தியோகத்தர் நிறைய இருக்கிற டவுனில அது சின்னத் தொகை இல்லை. அதைத் தேடிப் பார்க்காமல் வாக்களிப்பு வீதம் குறைஞ்சுபோச்சு எண்டு எழுதிடாதேங்கோ.