பிள்ளை ஏன் வரவில்லை என்று யார் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. பையன் இரவு பதினொரு மணிக்கு மேல் நண்பர்களோடு வெளியே நின்றால் போலீஸ் பிடிக்குமா? பள்ளி நடக்கும்போதே ஊருக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தால் கோர்ட்டுக்கு இழுப்பார்களா? இந்த இரண்டு விஷயத்திலும் சட்டம் நிறைய மாறியிருக்கிறது. நம்மில் பலர் இன்னும் பழைய சட்டத்தை நினைத்தே பயப்படுகிறோம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2015 ஆகஸ்ட் வரை இங்கே பள்ளிக்கு மட்டம் போடுவது குற்றம். தகுந்த காரணம் இல்லாமல் ஆறு மாதத்தில் பத்து நாள், அல்லது நான்கு வாரத்தில் மூன்று நாள் வராவிட்டால் போதும். முழு நாள்கூட வேண்டாம், நாளில் ஒரு பகுதி தவறினாலும் கணக்கில் ஏறும். வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. வேகமாகக் கார் ஓட்டியவர்கள் அபராதம் கட்டும் அதே கோர்ட்டுக்குப் போனது. 500 டாலர் வரை அபராதம், அதற்கு மேல் கோர்ட் செலவு. கட்ட முடியாத பிள்ளைக்குப் பதினேழு வயது ஆகிவிட்டால் சிறைகூட உண்டு. 2013இல் மட்டும் இப்படி 1,15,000 அளவுக்கு வழக்குகள். 2012இல், இரண்டு இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே நன்றாகப் படித்துவந்த ஒரு மாணவியை ஒரு நாள் சிறையில் வைத்தார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. பள்ளிக்கு வரவில்லை என்பதற்காக, பள்ளிக்கு வர முடியாத இடத்தில் ஒரு பிள்ளையை அடைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

2015 செப்டம்பர் 1 முதல் இது குற்றவியல் வழக்கு அல்ல, சிவில் வழக்கு. பழைய குற்றப் பதிவுகளையும் அழிக்கச் சொன்னார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுவல்ல. நான்கு வாரத்தில் மூன்று நாள் வராத பிள்ளையைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், பள்ளியே கூப்பிட்டுப் பேசி, தடுப்பதற்கு வழி செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதையும் தாண்டி ஆறு மாதத்தில் பத்து நாள் தவறினால்தான் கோர்ட். அப்போதும் சில பிள்ளைகளை அனுப்பவே கூடாது: வீடில்லாத பிள்ளை, அரசின் வளர்ப்பு இல்லத்தில் இருக்கும் பிள்ளை, கர்ப்பமான மாணவி, வீட்டுக்கு முக்கியமாகச் சம்பாதித்துப் போடும் பிள்ளை. கடும் நோயையும் பிறகு சேர்த்தார்கள். இவற்றில் எந்தக் காரணமும் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது. ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

இரவு ஊரடங்கின் கதையும் ஏறக்குறைய இதேதான். டல்லஸ் நகரம் 1991இல் பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஊரடங்கு கொண்டுவந்தது. வார நாளில் இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை வெளியே இருக்கக்கூடாது. பெற்றோர் கூட இருந்தால், வேலைக்குப் போய்வந்தால், அவசரம் என்றால் விலக்கு. எதிர்த்துப் போட்ட வழக்கில் 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அப்புறம் பல ஊர்கள் டல்லஸைப் பார்த்து எழுதிக்கொண்டன.

பலன் கிடைத்ததா? ஊரடங்கு பற்றிய பன்னிரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வறிக்கை 2016இல் வந்தது. குற்றமும் குறையவில்லை, குற்றத்துக்கு இரையாகும் சிறாரும் குறையவில்லை என்பது அதன் முடிவு. தலைநகர் வாஷிங்டனில், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஊரடங்கு நேரம் நள்ளிரவிலிருந்து பதினொரு மணிக்கு வரும்போது, அந்த ஒரு மணி நேரத்தில் துப்பாக்கிச் சத்தம் குறையாமல் கூடியது என்று வேறோர் ஆய்வு காட்டியது. தெருவில் நாலு பேர் நடமாட்டம் இருந்தால் பாதுகாப்பு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நல்ல பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பினால் தெரு யாருக்கு மிஞ்சும்?

2023 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் நகரமோ, மாவட்டம் போன்ற கவுண்டியோ சிறாருக்கென ஊரடங்கு போட முடியாது. பேரிடர் போன்ற அவசர நிலை மட்டும் விலக்கு. ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: நேரமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக போலீஸ் அபராதச் சீட்டு தர முடியாது. ஆனால் கார் ஓட்டும் பிள்ளைகள் கவனிக்கவும். பதினெட்டு வயது ஆகாத புது ஓட்டுநர்கள் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஓட்டக் கட்டுப்பாடு உண்டு. வேலை, பள்ளி நிகழ்ச்சி, மருத்துவ அவசரம் தவிர.

இனி ஊர்ப் பயணம். விடுப்பைத் தகுந்த காரணமாக ஏற்பது பள்ளி முதல்வர் கையில் இருக்கிறது. விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அவரிடம் எழுதிக் கேளுங்கள். வகுப்பு நடந்த நாட்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் அந்தப் பாடத்தை முடித்ததற்கான கிரெடிட் கிடைக்கும் என்ற விதியும் தனியாக இருக்கிறது. மதப் பண்டிகைக்கான விடுப்பைப் பள்ளி ஏற்றே ஆகவேண்டும். தீபாவளிக்கும் அது பொருந்தும், அதற்கான பயண நாளும் சேர்த்து. முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும். பெற்றோரே அலட்சியமாக இருந்து பிள்ளை வரவில்லை என்றால் அபராதம் பெற்றோருக்கு: முதல் முறை 100 டாலர், அடுத்தடுத்து ஏறி 500 வரை.

மூன்று நாள் தவறியதும் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வரும். நம்மவர்கள் அதைக் கண்டால் அவமானமாக நினைத்து, "வயிற்று வலி" என்று எழுதி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காலையில் தினமும் வயிறு வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை வகுப்பில் யாரோ சீண்டிக்கொண்டிருக்கலாம். கணக்குப் பாடம் புரியாமல் இருக்கலாம். புது நாட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும் மதியச் சாப்பாட்டு மேசையில் கூட உட்கார ஒருவரும் கிடைக்காமல் இருக்கலாம். வெட்கப்பட்டு நாம் மறைத்தால் பள்ளிக்கு உதவ வழியில்லை. கூப்பிட்ட நாளில் அம்மா அப்பா இருவரில் ஒருவராவது போங்கள், பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் தெரிந்தவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று முன்பே கேளுங்கள். கேள்வி பிள்ளையிடம் வரும்போது பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.